நினைவும் மறதியும்

நினைவாற்றலைப் போற்றுதல் மாணவர் உலகின் வழக்கம். தேர்வு நெருங்குங்கால் அதனை வேண்டாதார் யாவர்? ஆயினும், உரிய காலத்தில் மறத்தலும் ஓர் அறிவே என்பதை எனக்குக் கற்பித்தது நூலன்று; நாம் தட்டும் கட்டளைகளை ஏற்றுக் கணினியை ஏவும் ஷெல் என்னும் நிரலே.

சென்ற பருவத்தில், செய்யுட் சொற்களை எண்ணுதற்குரிய சிறு நிரலொன்றைப் பயன்படுத்தி வந்தேன். ஒருநாள் பழையதை நீக்கிப் புதியதை வேறோர் அடைவில் நிறுவினேன். பெயரைத் தட்டியதும், "அத்தகைய கோப்பு இல்லை" என்றது ஷெல். நிரலோ என் கண்முன் இருந்தது! மும்முறை நீக்கி மும்முறை நிறுவினேன், அரைநாள் கழிந்தது. மூத்த மாணவர் ஒருவர் வந்து, ஷெல்லை மூடி மீண்டும் திறந்தார், நிரல் இயங்கிற்று. இஃது என்ன மாயம் என வியந்து, காரணம் தேடலானேன்.

பாத் என்பது அடைவுகளின் வரிசைப் பட்டியல். பெயரொன்றைத் தட்டினால், ஷெல் அப்பட்டியலின்படி ஒவ்வோர் அடைவாகத் தேடி, முதலிற் கண்டதனை இயக்கும். ஒவ்வொரு முறையும் தேடுதல் வீண் உழைப்பாதலின், 1989ஆம் ஆண்டு வெளிவந்த பாஷ் என்னும் ஷெல், ஒருமுறை கண்ட இடத்தை நினைவில் வைத்து, மறுமுறை நேரே அங்குச் செல்லும். குடிபெயர்ந்த நண்பனைப் பழைய வீட்டில் தேடுவார்போல, என் ஷெல்லும் வெற்றிடத்தின் கதவைத் தட்டியது. புதிதாகத் திறந்த ஷெல்லுக்கோ பழைய நினைவில்லை. ஆதலின் அது தேடிக் கண்டது.

1970களின் இறுதியில் பெர்க்லியில் பில் ஜாய் இயற்றிய ஸி ஷெல்லின் இயல்பு வேறு. அஃது அடைவுகளை முன்னரே படித்து அட்டவணை அமைத்துக்கொள்ளும். பின்னர் வந்து சேர்ந்த கட்டளையை, 'ரீஹாஷ்' என்று நாம் பணிக்குமளவும், இல்லையென்றே மறுக்கும். பாஷ் கண்டதை மட்டும் நினைக்கும். காணாததை நினைவில் வையாது, கேட்குந்தோறும் புதிதாகத் தேடும். இவற்றுள் பாஷின் நெறியே சிறந்ததென்பது என் துணிபு. கண்டதை நினைத்தல் விவேகம். அன்று காணாததை இன்றும் இல்லையெனல் செருக்கு.

நினைத்த இடத்தில் கோப்பு உண்டா என ஆராய்ந்தபின் இயக்கும் 'செக்ஹாஷ்' என்னும் விருப்பம் பாஷில் உளதே எனச் சிலர் கூறலாம். உண்மை, ஆனால் நாம் பணித்தாலன்றி அது செயற்படாது. அன்றியும், பழைய நிரல் தன் இடத்திலேயே இருக்க, பட்டியலில் முந்திய அடைவில் புதியது வந்தால், அவ்விருப்பமும் உதவாது. பழையதே ஓசையின்றி இயங்கும். நாமோ புதியதன் விடை என நம்பி மகிழ்வோம். பிழைச்செய்தி தரும் தவற்றினும் இதுவே கொடிது.

ஆதலின், நண்பர்காள், மீண்டும் நிறுவுமுன், 'டைப்' என்னும் கட்டளையோடு நிரலின் பெயரைத் தட்டி, எவ்விடத்து நிரலை ஷெல் நினைத்திருக்கின்றது என வினவுங்கள். பின்னர், 'ஹாஷ்' என்பதன்பின் சிறுகோடும் ஆர் என்னும் எழுத்தும் இட்டு அதன் நினைவை நீக்குங்கள். இரண்டு வரிகளில் முடியும் செயலுக்கு யான் அரைநாள் செலவிட்டேன். கற்றதைக் காத்தல் நம் கடனே. அது கண்ட இடத்தில் இன்னும் உளதா என இடையிடையே பார்த்தலும் அக்கடனில் அடங்கும்.