மூடி எங்கே?

வீடு வாங்கப் போகிறவர்கள் எதையெதையோ பார்க்கிறார்கள். வாசல் கிழக்கா மேற்கா, சமையலறை அக்கினி மூலையில் இருக்கிறதா, தமிழ்ப்பள்ளி பக்கமா, நாசி லெமாக் கடை எவ்வளவு தூரம்? கழிவறையில் ஒருமுறை தண்ணீரை இழுத்துவிட்டுப் பார்ப்பவர்கள்கூட, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்பதில்லை.

காலை நிகழ்ச்சியில் இதைப் பேச முடியாது. மைக்கின் அந்தப் பக்கம் பாதிப் பேர் பசியாறிக்கொண்டு இருப்பார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

புதிய தாமான்களில் வீட்டுக் கழிவு குழாய் வழியே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். பழைய தாமான்களில் பல வீடுகளுக்கு முன்புறமோ பின்புறமோ சொந்தமாகச் செப்டிக் தொட்டி உண்டு. திடக்கழிவு அடியில் தங்கும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும், நடுவில் இருக்கும் நீர் வெளியேறும். அடியில் தங்கிய சேறு தானாகக் கரைந்து காணாமல் போகாது. லோரி வந்து உறிஞ்சித்தான் ஆகவேண்டும். 2006ஆம் ஆண்டு நீர்ச் சேவைத் தொழில்துறைச் சட்டத்தின் கீழ், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்வது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. வீடு கைமாறினால் இந்தப் பொறுப்பும் சேர்ந்தே கைமாறும்.

விற்கும்போது இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்? வழக்கறிஞர் நில வரி, மதிப்பீட்டு வரி, இண்டா வாட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் பாக்கி உண்டா என்று பார்ப்பார். பாக்கி இல்லை என்றதும் நாமும் நிம்மதியாகிவிடுகிறோம். பில் கட்டியாயிற்று என்பதற்கும் தொட்டி காலியாக இருக்கிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

என் பெரியம்மா மகள் கிள்ளானில் பழைய வரிசை வீடு ஒன்றை வாங்கினார். இபிஎஃப் பணம் மொத்தமும் அதில்தான் போனது. குடிபோய் நான்கு மாதத்தில் கீழ்மாடிக் குளியலறையில் தண்ணீர் எதிர்த்து ஏறியது. லோரி வந்தது. குழாயை இழுத்து வந்த தம்பி கேட்ட முதல் கேள்வி, "அக்கா, மூடி எங்கே?"

மூடி சமையலறைக்குள் இருந்தது, பாத்திர அலமாரிக்கும் டைல்ஸுக்கும் அடியில். பழைய உரிமையாளர் சமையலறையைப் பின்பக்கம் நீட்டியபோது தொட்டியையும் சேர்த்து மூடியிருக்கிறார். அக்கா போன் போட்டுக் கேட்டதற்கு, "நீங்க கேக்கவே இல்லையேம்மா" என்றாராம்.

கோபம் வரத்தான் செய்யும். ஆனால் சட்டம் பெரும்பாலும் அவர் பக்கம்தான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வீட்டை விற்கும் முன் செப்டிக் தொட்டியைப் பரிசோதிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. நம் நாட்டில் பழைய வீட்டை விற்பவருக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. உள்ளது உள்ளபடி விற்பனை. பார்த்து வாங்குவது வாங்குபவர் பாடு. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவும், பேச வேண்டிய கடமை இல்லாத இடத்தில் வெறுமனே வாய்மூடி இருப்பது மோசடி ஆகாது என்கிறது. தெரிந்தே பொய் சொன்னால் கதை வேறு. ஆகவே நாம் வாய்திறந்து கேட்கும்வரை அவருடைய மௌனத்துக்குப் பாதுகாப்பு உண்டு. கேட்ட பிறகு அவர் உண்மையைச் சொல்லவேண்டும், இல்லையேல் பொய்க்குப் பதில் சொல்லவேண்டும்.

எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். பொதுக் குழாயா, தொட்டியா? தொட்டி என்றால் மூடி எங்கே? கடைசியாக எப்போது காலி செய்தீர்கள், ரசீது உண்டா? அதன்மேல் ஏதாவது கட்டியிருக்கிறீர்களா? வாட்ஸ்அப்பில் கேளுங்கள், பதில் எழுத்தில் இருக்கும். அந்தப் பதிலை விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்க்க வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். சொன்னதை மட்டும் நம்பி இருந்துவிடாமல் நேரிலும் போய்ப் பாருங்கள். கண்ணெதிரே தெரிந்ததைக் கவனிக்காமல் விட்டவருக்குச் சட்டமும் அவ்வளவாக இரங்காது.

விற்பவர்களுக்கும் ஒன்று. கடைசி நேரத்தில் சாயம் பூசச் செலவழிக்கிறீர்கள் அல்லவா? அதோடு ஒரு லோரியையும் கூப்பிட்டு, ரசீதைச் சாவிக்கொத்தோடு கொடுத்துவிடுங்கள்.

வீடு பார்க்கப் போன இடத்தில் மூடியைப் பற்றிக் கேட்டால் ஏஜெண்ட் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். ஆனால் ஆர்வத்தில் நீங்களே மூடியைத் தூக்கிப் பார்க்காதீர்கள், உள்ளே இருப்பது நச்சு வாயு. அந்த வேலையை லோரிக்காரரிடம் விட்டுவிடுங்கள்.