காலை எடுத்தால் நின்றுபோகும் கார்



அண்மையில் கிளிநொச்சிப் பக்கம் ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தேன். திரும்பும்போது அந்த வீட்டு அக்கா என்னைத் தனது காரில் பஸ் தரிப்பிடம்வரை கொண்டுவந்து விட்டார். 2009 இல் கணவரை இழந்தவர். தமையன் கொடுத்த பழைய ஜப்பான் காரில் அயலிலுள்ள நான்கு பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்குவதுதான் அவருடைய வருமானம்.

வழியில் காவலாளி இல்லாத புகையிரதக் கடவை ஒன்று வந்தது. இரண்டு பக்கமும் பார்ப்பதற்காக அவர் பிரேக்கை மிதித்து வேகத்தைக் குறைத்தார். கார் ஒருமுறை நடுங்கி, தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. நல்ல காலம், ரயில் எதுவும் வரவில்லை. இரண்டாவது தரம்தான் ஸ்ராட் ஆனது. அக்காவின் கை நடுங்கியது.

"இப்பிடித்தான் தங்கச்சி. மிதிச்சுக்கொண்டிருந்தா நல்லா ஓடும். காலை எடுத்தா நிண்டுபோகும். பிள்ளையள் இருக்கேக்கை இப்பிடி நிண்டா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

இரண்டு தடவை கராஜுக்குப் போயிருக்கிறார். முதல் தடவை ஏதோ ஒரு திருகாணியைத் திருப்பிவிட்டார்கள். இரண்டு கிழமை ஓடியது. பெற்றோல் செலவு கூடியதுதான் மிச்சம். இரண்டாம் தடவை, "இஞ்சினைக் கழற்ற வேணும், அறுபதாயிரம் முடியும்" என்றார்களாம். தோட்டை ஈடு வைக்க யோசித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பழுது எண்டு கேட்டீங்களா அக்கா?"

"கேட்டா எனக்கு விளங்குமே?"

அந்தப் பதில் என்னைச் சுட்டது. சமூகவியல் படித்த எனக்கும் அன்றுவரை காரின் பொனற்றை எப்படித் திறப்பது என்று தெரியாது.

எனக்குத் தெரிந்த வயதான மெக்கானிக் ஐயா ஒருவரிடம் இருவரும் போனோம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய யாழ்ப்பாணத்தில் தொழில் பழகியவர் அவர். "நான் சொல்லுறன், நீ செய் பிள்ளை" என்று அக்காவையே முன்னுக்கு விட்டார்.

அவர் விளங்கப்படுத்தியது இதுதான். நாம் கால் வைக்காதபோதும் இஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டிருப்பதை ஐட்லிங் என்கிறார்கள். பெரும்பாலான பெற்றோல் கார்களில் அது நிமிடத்துக்கு 800, 900 சுற்று அளவில் இருக்கும். அப்போது காற்று போகும் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். சிறிதளவு காற்றும் பெற்றோலும் மட்டுமே உள்ளே போகும். நிறைப்படி பார்த்தால் ஒரு பங்கு பெற்றோலுக்குக் கிட்டத்தட்ட 15 பங்கு காற்று வேண்டும். வேறு வழியால் களவாகக் காற்று புகுந்தால் கலவை கெட்டு இஞ்சின் நின்றுவிடும். வேகமாக ஓடும்போது பெருமளவு காற்று போவதால் அந்தச் சிறு ஒழுக்கு தெரியவராது. மிதித்தால் ஓடி, காலை எடுத்தால் நிற்பதற்கு ஒரு காரணம் இதுதான்.

செலவில்லாத சோதனையை முதலில் செய்ய வேண்டும் என்பது ஐயாவின் முறை. காற்று வடிகட்டியைக் கழற்றித் தூசி பார்த்தோம். பிளக்குகளைப் பார்த்தோம். இரண்டிலும் குறையில்லை. அடுத்தது காபரேற்றரில் ஐட்லிங்குக்குப் பெற்றோல் விடும் சிறு துவாரம். அதில் அழுக்கு அடைத்தாலும் இதே பழுது வரும். ஆனால் அதைக் கழற்றுமுன், "காது குடுத்துக் கேள்" என்றார்.

இஞ்சினுக்குப் பின்புறம் மெல்லிய 'உஸ்' என்ற சத்தம் கேட்டது. இஞ்சின் காற்றை உறிஞ்சும் விசையைப் பிரேக்குக்குக் கொண்டுசெல்லும் தடித்த றப்பர் குழாய், கிளிப்புக்குப் பக்கத்தில் வெடித்திருந்தது. ஐயா சொன்னபடி அக்கா அதைக் குறட்டால் நெரித்துப் பிடித்தார். நடுக்கம் நின்று இஞ்சின் சீராக ஓடியது. சில நாட்களாகப் பிரேக் இறுக்கமாக இருந்ததற்கும் அதுவே காரணம். கார் வயதுபோனதால் அப்படி என்று அவர் நினைத்திருந்தார்.

புதுக் குழாயும் இரண்டு கிளிப்பும் இரண்டாயிரம் ரூபாவுக்குள் முடிந்தன. பிறகு, முன்பு கூட்டிவிட்டிருந்த ஐட்லிங் திருகாணியை ஐயா பழைய அளவுக்குக் குறைத்தார். "திருகாணியைக் கூட்டினது வருத்தத்தை மறைச்சது மட்டும்தான்" என்றார்.

2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியாருக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது 2025 இல்தான். புது வாகனம் நம்மில் பலருக்கு எட்டாத விலையிலேயே இருக்கிறது. எனவே கையிலுள்ள பழையதை அறிந்து வைத்திருப்போம்.

கராஜுக்குப் போகுமுன் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நிற்கிறதா, சூடானபின் நிற்கிறதா? பிரேக் மிதிக்கும்போதா, லைற் போடும்போதா? எப்போது தொடங்கியது? பெற்றோல் கூடச் செலவாகிறதா? இவற்றைச் சொன்னால் நல்ல மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்துவிடும். அவரிடம், "பழுது எங்கே, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், காட்டுங்கள்" என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். காபரேற்றர் இல்லாத புதிய கார்களில், காற்றுக் கதவில் படியும் கரியாலும் இப்படி நிற்கலாம். அதைத் துப்புரவாக்கினாலே பலவேளை சரியாகும்.

சில எச்சரிக்கைகள்: இஞ்சினை மூடிய கொட்டிலுக்குள் ஓடவிட வேண்டாம், அதன் புகை உயிரைக் குடிக்கும். சேலைத் தலைப்பு, சால்வை, பின்னல் எதுவும் விசிறிக்குக் கிட்டப் போகக்கூடாது. பிரேக் குழாய்க்கு அதற்குரிய தடித்த குழாயையே போடுங்கள். ரேப் சுற்றியோ பெற்றோல் குழாயை மாட்டியோ ஓடவேண்டாம்.

போன கிழமை அக்கா தொலைபேசியில் கதைத்தார். தோடு காதிலேயே இருக்கிறதாம். கடவையில் காரை நிறுத்தி, இரண்டு பக்கமும் ஆறுதலாகப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளைக் கொண்டுபோகிறாராம்.