டாக்டர் வேஷம் யாருக்கு?

உலு திராமில் நாங்கள் உட்காரும் மாமாக் கடையில் போன வாரமும் அதே சண்டை. ‘டாக்டர் ஹூ’ தொடரை நாசமாக்கியதே ஆள் தேர்வுதானாம். முதலில் ஒரு பெண், அப்புறம் ஒரு கறுப்பர். “டாக்டர்னா வெள்ளைக்கார ஆம்பள மச்சான், அப்படித்தானே ஆரம்பிச்சாங்க” என்றான் நண்பன். வாடகை வீடு கேட்டுப் போன் போட்டால், இந்தியருக்குத் தர மாட்டோம் என்று வைத்துவிட்டார்கள் என அரை மணி நேரத்துக்கு முன்புதான் கொதித்துக்கொண்டிருந்தான். இரண்டையும் பேசியது ஒரே வாய்.

சரி, ஆரம்பத்தையே பார்ப்போம். 1963 நவம்பர் 23இல் பிபிசியில் தொடர் தொடங்கியபோது தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பெர்ட், 27 வயதுப் பெண். முதல் கதையை இயக்கியவர் வாரிஸ் ஹுசைன். லக்னோவில் பிறந்தவர், வயது 24. ‘ஒரிஜினல்’ என்கிறோமே, அதைச் செய்து கொடுத்தவர்கள் இவர்கள்தான்.

1966இல் முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெல்லுக்கு உடம்பு முடியவில்லை. தொடரை நிறுத்த மனமில்லாமல் நாயகனுக்கு உடலே மாறும் என்று கதை கட்டினார்கள். பேட்ரிக் டிரௌட்டன் வந்தார். முகத்தில், குரலில், நடையில் எந்தப் பொருத்தமும் இல்லை. அதற்கு ‘ரீஜெனரேஷன்’ என்று பெயர் வந்ததே 1974இல்தான். நான் தொழிற்சாலையில் பராமரிப்பு பார்ப்பவன், அவசரத்துக்குப் போட்ட மாற்றுப் பாகம் வருடக்கணக்காக ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். இதுவும் அப்படி ஒன்று. உடல் மாறலாம் என்பதை ஒத்துக்கொண்டவனுக்கு நிறம் மட்டும் எங்கே இடிக்கிறது?

பெண் டாக்டர் என்பதும் நேற்று முளைத்த யோசனை இல்லை. தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான சிட்னி நியூமன் 1986லேயே பிபிசிக்குக் கடிதம் எழுதினார். நடந்தது 2017இல், ஜோடி விட்டேக்கர். அப்போது ஸ்கூடாயில் படித்துக்கொண்டிருந்த நானும் நாலு பேரோடு சேர்ந்து கிண்டலடித்தவன்தான். இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அவர் காலத்துக் கதைகள் பல சொதப்பல். மறுக்கவில்லை. எழுதினவரைத் திட்டு. மேட் ஸ்மித் காலத்திலும் சப்பைக் கதைகள் வந்தன; இனி வெள்ளைக்காரரே வேண்டாம் என்று எவனும் சொல்லவில்லையே. ருவாண்டாவில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்த சூட்டி காட்வா வந்ததும்தான் நம்மாட்களுக்குத் திடீரென்று பாரம்பரியம் ஞாபகம் வந்தது.

என் கோபம் வேறு. சச்சா தவானை எடுத்தார்கள்: வில்லன் மாஸ்டராக. மந்தீப் கில், கேரளத்தில் பிறந்த வரதா சேது, இருவரையும் எடுத்தார்கள்: டாக்டரின் துணையாக. நல்ல வேஷங்கள்தான். ஆனால் முதல் நாளே இயக்குநர் நாற்காலியில் இந்தியாவில் பிறந்த ஒருவர் உட்கார்ந்திருந்த தொடரில், அறுபது வருடம் தாண்டியும் டாக்டராக நம்மூர் முகம் ஒன்றுகூட இல்லை.

இதைச் சொன்னபோது நண்பன் தே தாரேக்கைக் கலக்கிக்கொண்டே கேட்டான்: “நம்மாளா? நம்புற மாதிரி இருக்குமாடா?”

வீட்டுக்காரரும் அவனை அப்படித்தான் பார்த்திருப்பார் என்றேன். அன்றைக்கு பில்லை அவன் தனியாகக் கட்டிவிட்டுப் போய்விட்டான்.