மேஜைமேல் இருப்பது மட்டும்

போக்கர் என்று பேச்செடுத்தால் போதும், நம்ம ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ‘அது ஸ்கில் கேம் ப்ரோ’ என்று ஒரு கட்சி. ‘எல்லாம் லக்குதான், குடியைக் கெடுக்கிற சூது’ என்று இன்னொன்று. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று சென்னை உயர் நீதிமன்றமே 2023 நவம்பரில் சொல்லிவிட்டதே என முதல் கட்சி தீர்ப்பை நீட்டும். எனக்கு இரண்டின் மீதும் கடுப்பு. தோற்றால் எதுவரைக்கும் தோற்கலாம் என்று இருவருமே கேட்பதில்லை.

அதற்கான பதில் சீட்டில் இல்லை, சிப்ஸில் இருக்கிறது. சீட்டுப் போடும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாகக் கொஞ்சம் சிப்ஸ் வைக்க வேண்டும். ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட். அப்புறம் ஒவ்வொருவரும் அந்தத் தொகைக்கு ஈடு வைக்கலாம், ஏற்றலாம், இல்லை சீட்டை வீசிவிட்டு ஒதுங்கலாம். இப்படி நான்கு சுற்று. இதெல்லாம் பலருக்கும் தெரியும். தெரியாதது டேபிள் ஸ்டேக்ஸ் என்கிற விதி. ஒரு கை ஆரம்பிக்கும்போது உங்கள் முன்னால் என்ன சிப்ஸ் இருக்கிறதோ, அந்தக் கை முடியும்வரை அதுதான் உங்கள் சொத்து. நடுவில் பாக்கெட்டுக்குள் கைவிடக் கூடாது.

என் முன்னால் 500 ரூபாய் சிப்ஸ், மற்ற இருவர் முன்னால் ஆளுக்கு 2,000 என்று வையுங்கள். நான் மொத்தத்தையும் தள்ளி ஆல்-இன் என்கிறேன். இருவரும் 500 வைத்தால் நடுவில் 1,500. மேற்கொண்டு அவர்கள் மோதிக்கொள்வது தனிக் குவியல்; சைட் பாட். அதில் எனக்குப் பங்கில்லை. என் சீட்டே பெரிது என்றாலும் 1,500தான் என்னுடையது. தோற்றால் போவது 500. காசுள்ளவன் தொகையை ஏற்றி ஏற்றி என்னைத் துரத்த முடியாது. அவனிடமிருந்து 500க்கு மேல் நானும் எடுக்க முடியாது. சூதாட்டத்துக்குள் இப்படி ஒரு நியாயமா என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். சினிமாக்காரர்களுக்கு மட்டும் இது பிடிக்காது. ‘கேசினோ ராயல்’ படத்தில் டீலர் விதியைச் சொல்லியும் கார் சாவி மேஜைக்கு வந்துவிடும்.

இந்த விதி இல்லாத ஆட்டம் எப்படி இருக்கும்? நமக்குத் தெரியாததா என்ன. தருமன் ஆடியது அதுதானே. நாடு போச்சு, நகுலன், சகதேவன், அர்ச்சுனன், பீமன், கடைசியில் தானே போயாச்சு. அதற்குப் பிறகும் பாஞ்சாலியை வைக்கச் சொல்கிறான் சகுனி, இவனும் வைக்கிறான். தன்னையே தோற்ற பிறகு என்னை வைக்க அவருக்கு ஏது உரிமை என்று அவள் கேட்டது அப்பட்டமான டேபிள் ஸ்டேக்ஸ் கேள்வி. சபையில் பீஷ்மருக்கே பதில் வரவில்லை. அங்கே திறமையா அதிர்ஷ்டமா என்று பட்டிமன்றம் வைத்து என்ன பிரயோஜனம்? சகுனி திறமைசாலிதான்!

போக்கரில் ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் நடுவே புதிதாகச் சிப்ஸ் வாங்கலாம், உண்மைதான். ஆனால் நிஜ மேஜையில் ஆளைக் கூப்பிட்டு, ரூபாயை எண்ணி, நாலு பேர் பார்க்கக் கொடுக்க வேண்டும். ஆப்பில்? யுபிஐ பின் நம்பர், ரெண்டு செகண்ட். சிப்ஸ் குறைந்தால் தானாகவே நிரப்பிக்கொள்ளும் வசதி வேறு. விதி எழுத்தில் அப்படியே இருக்கிறது. ஆனால் மேஜை வங்கிக் கணக்குவரை நீண்டுவிட்டது, அதற்கப்பால் கடன் தரும் ஆப்வரை.

நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டம் கூடாது என்று தமிழ்நாடு அரசு விதி போட்டபோது கம்பெனிகள் கோர்ட்டுக்கு ஓடின. 2025 ஜூனில் தோற்றன. அஞ்சு மணி நேரம் தூங்கி எழுந்தால் திறமை என்ன கரைந்தா போய்விடும்? அவர்கள் பயந்தது வேறு எதற்கோ. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதமே பார்க்காமல் இணையப் பண ஆட்டங்களை ஒட்டுமொத்தமாகத் தடுத்தது. முதல் கட்சிக்காரர்கள் இன்னும் அதே ‘ஸ்கில் கேம் ப்ரோ’வைத்தான் பாடிக்கொண்டிருக்கிறார்கள். பாடட்டும். ஆனால் அடுத்த தடவை என்னிடம் வரும்போது ஒன்றுக்கு மட்டும் பதில் வைத்திருங்கள் ப்ரோ: உங்க ஆப்பில் ஒருத்தன் ஒரே ராத்திரியில் எத்தனை தடவை சிப்ஸ் வாங்கலாம்?