‘ஃபார்மட் அடிச்சிடலாம் சார்!’

உங்கள் கம்ப்யூட்டர் ஒருநாள் காலையில் எழுந்திருக்க மறுத்தால் என்ன செய்வீர்கள்? தெருமுனைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள். கவுண்ட்டரில் இருக்கும் தம்பி மூடியைத் திறப்பார். பட்டனை அமுக்குவார். பத்து விநாடி உற்றுப் பார்ப்பார். பிறகு அந்தத் திருவாசகத்தை உதிர்ப்பார்: ‘ஃபார்மட் அடிச்சிடலாம் சார்.’

தலைவலி என்று போனால் ‘தலையை எடுத்துடலாம்’ என்கிற டாக்டரிடம் மறுபடி போவோமா? இங்கே மட்டும் போகிறோம். அறுநூறு ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு ‘தேங்க்ஸ் தம்பி’ வேறு!

எங்கள் அபார்ட்மென்ட்டின் மூன்றாவது மாடியில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். வயது எழுபதை நெருங்குகிறது. அவரிடம் இருப்பது பழைய லேப்டாப். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் பொதுவாக நிறுத்திக்கொண்டதா, விண்டோஸ் 11 அந்தப் பழைய மிஷினில் ஏறாதா, அவருடைய தங்கை பையன் லினக்ஸ் மின்ட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு பெங்களூரு போய்விட்டான். சாரும் சமர்த்தாகக் கற்றுக்கொண்டு, தான் வேலை பார்த்த கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். மூன்று வருட வேலை. பழைய மாணவர்களை ஊர் ஊராகத் தேடிப் போய்ப் பேசி எழுதியது. அவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை.

ஒரு சாயங்காலம் கரன்ட் போனது. பேட்டரி எப்போதோ செத்துப்போன லேப்டாப். பொசுக்கென்று அணைந்தது. மறுநாள் காலை கறுப்புத் திரையில் நாலைந்து வரி ஆங்கிலம். கடைசியில் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

கடைத் தம்பி சொன்னது உங்களுக்கே தெரியும். கூடவே ஒரு இலவச உபதேசம்: ‘இதெல்லாம் எதுக்கு சார் போட்டீங்க? லினக்ஸ்னாலே இப்படித்தான்.’

அப்படியா தம்பி? 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தப்பான ஃபைலால், மைக்ரோசாஃப்ட்டின் கணக்குப்படியே 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த 85 லட்சத்தையும் ஃபார்மட்டா அடித்தார்கள்? பெரும்பாலானவற்றில் சேஃப் மோடில் நுழைந்து அந்த ஒரு ஃபைலை அழித்தார்கள், எழுந்துகொண்டது.

அடுத்த மாதமே இன்னொரு கூத்து. ஆகஸ்ட் 13-ஆம் தேதி வந்த விண்டோஸ் அப்டேட், ஒரே மிஷினில் விண்டோஸையும் லினக்ஸையும் வைத்திருந்த பலருக்கு லினக்ஸைக் கிளம்பவிடாமல் செய்தது. ஏதோ பெரிய விபரீதம் நடந்துவிட்டது என்கிற தோரணையில் திரையில் ஒரு வரி. வைத்த கை விண்டோஸுடையது, பழி லினக்ஸுக்கு! அங்கேயும் மருந்து ஃபார்மட் இல்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, புதிதாக வந்து உட்கார்ந்த விதியை நீக்கிவிட்டு, மறுபடி போட்டால் போதும்.

கடைக்காரரை மட்டும் திட்டினால் நியாயமில்லை. நான் பி.காம். படித்தவன், அவர் கணக்கு எனக்குப் புரிகிறது. என்ன கோளாறு என்று தேட மூன்று மணி நேரம் ஆகலாம். தேடியும் கிடைக்காமல் போகலாம். ஃபார்மட் என்றால் ஒரு மணி நேரம், நிச்சயமான ரிசல்ட், அறுநூறு ரூபாய். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பக்கம்தான் எழுதியிருக்கிறது. சாருடைய மூன்று வருடத்தை எந்தப் பத்தியில் எழுதுவது? ‘உள்ளே என்ன சார் இருக்கு?’ என்று ஒரு வார்த்தை கேட்க எத்தனை நிமிஷம் ஆகும்?

இவரையாவது மன்னிக்கலாம். என் கோபமெல்லாம் இன்னொரு ஜாதி மேல். விஷயம் தெரிந்தவர்கள்! சார் தங்கை பையனுக்கு போன் போட்டார். ‘மாமா, ஸ்கிரீன்லயே இருக்கே, படிச்சுப் பாருங்க. இல்லேன்னா கூகுள் பண்ணுங்க’ என்றான். கம்ப்யூட்டரே ஓடாத மனுஷர் எதில் கூகுள் பண்ணுவார்? அவனுடைய நண்பன் ஒருவன் லைனில் வந்தான். என்ன கெர்னல், என்ன ஃபைல் சிஸ்டம், பார்ட்டிஷன் எப்படிப் பிரித்தீர்கள் என்று வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை. சாருக்கு வியர்த்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்த மனுஷர், ‘நமக்கு இது சரிப்படாது சார்’ என்று என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

இதைவிடக் கொடுமையும் உண்டு. உதவி கேட்ட புதியவரிடம் டிஸ்க்கையே துடைத்துப் போடும் கமாண்டை ‘இதை அடிச்சுப் பாருங்க’ என்று கொடுத்துவிட்டுச் சிரிக்கிற மேதாவிகள். நகைச்சுவையாம்!

இவர்களுக்கு ஒரு செய்தி. லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதிக்கொண்டிருந்த ஆரம்ப நாட்களில், மோடத்துக்குப் போக வேண்டிய கட்டளையை ஹார்ட் டிஸ்க்குக்கே அனுப்பி, அதிலிருந்த மினிக்ஸைத் தானே நாசம் செய்துகொண்டவர். 1991 ஆகஸ்டில், 21 வயது மாணவனாக, இப்படி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன், உங்களுக்கு என்னென்ன வேண்டும் என்று முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டவரும் அவர்தான். அன்றைக்கு அவருக்கு யாரும் ‘கூகுள் பண்ணு’ என்று சொல்லவில்லை. கூகுளே அப்போது கிடையாது!

சரி, சாருடைய லேப்டாப்புக்கு வருவோம். நான் நிபுணன் இல்லை. ஆனால் 2009-ல் இதே ‘அடிச்சிடலாம் சார்’-இல் பதினோரு மாதக் கட்டுரைகளைப் பறிகொடுத்தவன். சூடு கண்ட பூனை.

முதலில் என் கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட்டை இறக்கி ஒரு பென் டிரைவில் ஏற்றினேன். சுமார் மூன்று ஜிபி. அதைச் செருகி, ஆன் பண்ணும்போது எஃப்12 பட்டனை அமுக்கினால் (சில கம்பெனிகளில் எஃப்2, சிலவற்றில் எஸ்கேப்), லேப்டாப் தன் டிஸ்க்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே கிளம்பும். எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம். ‘இன்ஸ்டால்’ என்கிற ஐகான் பக்கம் கையே போகக் கூடாது! ஃபைல் மேனேஜரைத் திறந்தோம். சாருடைய டிஸ்க் இடது பக்கம் தெரிந்தது. கிளிக். உள்ளே பள்ளிக்கூட வரலாறு, அத்தியாயம் அத்தியாயமாக, அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி எடுத்து முடிக்கும்வரை சார் பேசவே இல்லை. கண்ணாடியை மட்டும் மூன்று தரம் துடைத்தார்.

காப்பி எடுப்பதற்கு முன்னால் ரிப்பேரில் இறங்கக் கூடாது. டிஸ்க்கே சாகிற நிலையில் இருந்தால், ரிப்பேரே அதற்குக் கடைசி உதையாக முடியலாம். ‘டிஸ்க்ஸ்’ என்ற கருவியில் அதன் ஆரோக்கியம் தெரியும். பார்த்தோம், நன்றாகவே இருந்தது.

அப்புறம்தான் கறுப்புத் திரை. தங்கை பையன் சொன்னது உண்மை, பதில் அங்கேயே இருந்தது. திடீரென்று அணைந்ததில் ஃபைல் சிஸ்டத்தின் கணக்குப் புத்தகம் டேலி ஆகவில்லை, எஃப்எஸ்சிகே என்ற கமாண்டை நீயே ஓட்டிச் சரிபார் என்று மிஷின் பார்ட்டிஷன் பெயரோடு கேட்டுக்கொண்டிருந்தது. அந்த ஒரு வரியைத் தமிழில் சொல்ல அரை நிமிஷம் ஆகுமா? சாரையே டைப் அடிக்கச் சொன்னேன். எஃப்எஸ்சிகே, ஒரு இடைவெளி, திரையில் இருந்த பெயர், கேட்கிற கேள்விக்கெல்லாம் ‘ஒய்’. ஐந்து நிமிஷம் வரிவரியாக ஓடியது. ‘எக்ஸிட்’ என்று அடித்தார். பச்சை லோகோ வந்தது.

எல்லாக் கோளாறும் இதுவாக இருக்காது. அப்டேட்டுக்குப் பிறகு படுத்தால், கிளம்பும்போது வரும் க்ரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். மெனு வராவிட்டால் ஷிஃப்ட் அல்லது எஸ்கேப். பாஸ்வேர்ட் கொடுத்தும் திரும்பத் திரும்பப் பாஸ்வேர்டே கேட்டால், டிஸ்க் நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள். எதுவும் புரியவில்லையா? திரையை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அப்படியே விட்டுவிடுங்கள். காத்திருப்பதால் ஃபைல் அழியாது.

சார் புது பேட்டரி வாங்கக் கடைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். நடந்ததைக் கேட்ட தம்பிக்கு ஆச்சரியம். ‘அந்த பென் டிரைவை ஒரு காப்பி போட்டுக்கலாமா சார்?’ என்றார். தாராளமாக என்றேன். போன வாரம் அந்தப் பக்கம் போனேன். கண்ணாடியில் புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது: ‘ஃபார்மட்டுக்கு முன் டேட்டா எடுத்துத் தரப்படும். ரூ. 300.’