கூட்டச் சொல்லாதீர்கள்

என் அக்காவுக்கு லூபஸ். புன்னைக்காயலில் எங்கள் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. "எதிர்ப்பு சக்தி கொறஞ்சு போச்சு, இந்தப் பொடியக் குடிச்சா கூடிரும்." கொரோனா காலத்தில் பிடித்த பேய் இன்னும் இறங்கவில்லை. போன வருடம் பொடியை நம்பி மாத்திரையை நிறுத்தினாள். இரண்டே வாரம். மூட்டுகள் வீங்கி, எழுந்து நடக்க முடியாமல் கிடந்தாள்.

அவளுக்குக் குறைந்து போகவில்லை அய்யா, தறிகெட்டுப் போனது.

சாட்சிக்கு ஒரு நொதியை அழைக்கிறேன். பெயர் சிகாஸ். அமெரிக்காவின் டல்லாஸில் ஜேம்ஸ் சென் குழு 2012 இறுதியில் அறிவித்தது. செல்லுக்குள் டிஎன்ஏ இருக்கவேண்டிய இடம் உட்கருவும் மைட்டோகாண்ட்ரியாவும். அதைத் தாண்டி வெளியே டிஎன்ஏ தட்டுப்பட்டால் சிகாஸ் பிடித்துக்கொள்ளும். உடனே சிஜிஏஎம்பி என்ற சிறு மூலக்கூறைச் செய்யும். அது ஸ்டிங் என்ற புரதத்தை எழுப்பும். இன்டர்ஃபெரான் சுரக்கும்.

கூத்து என்னவென்றால், சிகாஸ் டிஎன்ஏவின் எழுத்துகளைப் படிப்பதில்லை. வைரஸுடையதா, நம்முடையதா என்று கேட்பதில்லை. இடம் தப்பி வந்தால் போதும். 2023 டிசம்பரில் தாமிரபரணி வீட்டுக்குள் வந்ததைப் பார்த்த நமக்கு இது புரியும். நம்ம ஆறுதான். ஆனாலும் வெள்ளம் வெள்ளம்தானே?

சிதறிய டிஎன்ஏவைக் கூட்டிப் பெருக்க டிரெக்ஸ்1 என்ற நொதி உண்டு. அது பழுதானால் பிறந்த சில மாதங்களிலேயே மூளை அழற்சி காணும் குழந்தைகள் இருக்கிறார்கள். டிரெக்ஸ்1 இல்லாத எலிகள் இதய அழற்சியில் சாகின்றன. சிகாஸையும் சேர்த்து நீக்கினால் பிழைக்கின்றன. எதிர்ப்பைக் குறைத்ததால் பிழைத்த உயிர்கள்! லூபஸுக்கு சிகாஸ் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நோயாளிகள் பலரிடம் இன்டர்ஃபெரான் ஏற்கெனவே கூடித்தான் கிடக்கிறது.

மனித சிகாஸ் மரபணுவை ஈ. கோலை பாக்டீரியாவில் ஏற்றி, நொதியை வடித்துச் சுத்தம் செய்து, சின்னக் குப்பிகளில் ஆய்வகங்களுக்கு விற்கிறார்கள். வாங்குகிறவர்களில் பலர் தேடுவது அதை அடக்கும் மருந்தை. அவர்கள் கடிவாளம் தேடுகிறார்கள், நாம் சாட்டை விற்கிறோம்.

"அப்போ எதிர்ப்பே வேண்டாமா?" வேண்டும். தடுப்பூசி போடுங்கள். அது எதிர்ப்புக்கு ஆளை அடையாளம் காட்டுகிறது. பொடி எதைக் காட்டுகிறது?

அன்பைக் காட்டணும்னா மீன் கொண்டு வாங்க. குழம்பு வச்சுச் சேர்ந்து சாப்பிடுவோம். பொட்டலம் வாசலோடு திரும்பிப் போகும்.