பட்டம் பெறும் கையில் கட்டிய கயிறு

தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று பாளையங்கோட்டையைச் சொல்லிப் பெருமை கொள்வது நம்மவரின் நெடுநாள் வழக்கம். அப்பெருமைக்கு அடிப்படை இல்லாமலில்லை. 1878-இல் தூய யோவான் கல்லூரி, 1895-இல் சாராள் தக்கர் கல்லூரி, 1923-இல் தூய சவேரியார் கல்லூரி, 1971-இல் சதக்கத்துல்லா அப்பா கல்லூரி என்று இவ்வூர் ஒரு நூற்றாண்டுக் காலம் கல்விக்கு வாசல் திறந்துகொண்டே இருந்தது. ஆற்றுக்கு மறுகரையில் புதுமைப்பித்தன் பயின்ற இந்துக் கல்லூரி. 1990-இல் மதுரை காமராசர் பல்கலைக் கழகத்திலிருந்து பிரிந்து, தென்காசிச் சாலையில் அபிஷேகப்பட்டியில் எழுந்தது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக் கழகம். தென்கோடி மாவட்டங்களின் கல்லூரிகள் அதன் குடைக்கீழ் வந்தன.

கட்டடங்களுக்குக் குறைவில்லை, பட்டங்களுக்கும் குறைவில்லை. நாம் கேட்க விரும்புவது வேறு. கல்லூரிகள் நிறைந்த ஊர், மாணவ வாழ்வு நிறைந்த ஊராகிவிடுமா?

காலை எட்டு மணிக்குப் புதிய பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். அம்பாசமுத்திரம், நாங்குநேரி, சேரன்மகாதேவி, திருவைகுண்டம் எனத் தாமிரபரணியின் இரு கரைகளிலிருந்தும் இளைஞர் வந்து இறங்குகின்றனர். மாலையில் அதே பேருந்துகள் அவர்களை அள்ளிக்கொண்டு போய்விடுகின்றன. இடைப்பட்ட நேரத்தில் வகுப்பு நடக்கிறது, வருகைப் பதிவு நடக்கிறது, தேர்வும் நடக்கிறது. ஆனால் ஒரே இருக்கையில் மூன்று ஆண்டுகள் அமர்ந்து படித்த இருவர், ஒருவர் வீட்டில் மற்றவர் ஒரு வேளை உணவுகூட உண்ணாமல் பட்டம் பெற்றுப் பிரிகின்றனர். இதை நாம் மாணவ வாழ்வு என்று அழைக்கலாமா?

பல்கலைக் கழகம் என்னும் சொல்லையே எண்ணிப் பார்ப்போம். கழகம் என்றால் கூடும் இடம், கூடியிருக்கும் அவை. ஐரோப்பாவில் இதற்கு வழங்கிய 'யூனிவெர்சித்தாஸ்' என்ற இலத்தீன் சொல்லும் முதலில் கட்டடத்தைக் குறிக்கவில்லை, பாடத்திட்டத்தையும் குறிக்கவில்லை. ஒன்றாகச் சேர்ந்த மனிதரின் குழாத்தையே குறித்தது. இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் பல நாடுகளிலிருந்து வந்த மாணவர்கள் தமக்குள் சங்கமாக இணைந்தபோது பிறந்ததே அங்குள்ள பழம்பெரும் பல்கலைக் கழகம். அந்நியர் நண்பராவதுதான் அதன் முதல் பாடம். அந்தப் பாடத்தை நீக்கிவிட்டால் மிஞ்சுவது தேர்வு மையம் மட்டுமே.

நம் பள்ளத்தாக்கில் அந்தப் பாடத்தைத்தான் நாம் நீக்கிவிட்டோம். அதன் இடத்தில் ஒரு கயிற்றைக் கட்டியிருக்கிறோம். இன்ன நிறம் இன்ன சாதி என்று மணிக்கட்டிலேயே எழுதி ஒட்டும் கயிறு அது. பேருந்தில் யார் எங்கே அமர்வது, எவன் கைப்பேசியில் எந்தச் சாதியின் பாட்டு ஒலிப்பது, எவனோடு தேநீர் அருந்துவது என அனைத்தையும் அது தீர்மானிக்கிறது. பள்ளியில் கட்டிய கயிற்றோடுதான் மாணவன் கல்லூரிக்குள் நுழைகிறான்.

இது வெறும் இளமைத் துடுக்கு என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு பட்டியலின மாணவரை, அவருடைய பள்ளியில் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பின்னர் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் தமிழக அரசுக்கு அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் அணியத் தடை விதிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. அறிக்கை வந்து ஓராண்டு கழிந்தது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் பட்டியலின இளைஞர் ஒருவர், மென்பொறியாளர், பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி கடந்த நேசமே அக்கொலைக்குக் காரணம் என்பது வழக்கு. ஆக்ஸ்போர்டு என்று நாம் மார்தட்டும் ஊரின் தெருவில் இது நடந்தது.

இளைஞர் ஏன் கயிறு கட்டுகின்றனர்? அவர்களைப் பழிப்பதற்கு முன் இதை நேர்மையாக ஆராய வேண்டும். தன் குடும்பத்தில் முதன்முறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் கிராமத்துப் பையன் தனியன்; ஆங்கிலத்துக்கு அஞ்சுபவன்; நகரத்துப் பிள்ளைகள் முன் கூசி நிற்பவன். அவனைத் தோளில் தட்டி, "நீ நம்ம ஆளா?" என்று முதலில் கேட்பவன் யார்? பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் சாதிக் கூட்டத்தான்தான். வேறு யாரும் கேட்பதில்லை. மாணவர் பேரவைத் தேர்தல்கள் தமிழகக் கல்லூரிகள் பலவற்றிலிருந்து மறைந்துபோயின. அத்தேர்தல்களை முறைப்படுத்தி நடத்த வேண்டும் என்று லிங்டோ குழு 2006-இல் பரிந்துரைத்தும், உச்ச நீதிமன்றம் அதை ஏற்று ஆணையிட்டும் நிலைமை பெரிதும் மாறவில்லை. வாசிப்பு வட்டங்கள் அருகிவிட்டன. மாலை நேரச் சொற்போர்கள் மறைந்து வருகின்றன. கூடுவதற்கு வேறு வாசல் எதுவும் இல்லாத இளைஞனுக்குச் சாதி மட்டுமே வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. நட்புக்கு ஏங்கியவன் கையில் கயிறு விழுகிறது.

இங்கேதான் பெற்றோரோடு நாம் வழக்காட வேண்டியிருக்கிறது. "படிக்கப் போனவன் படிப்பை மட்டும் பார்க்கட்டும், கண்டவரோடு பழக்கம் எதற்கு?" என்பது பெற்றோர் பலரின் தாரக மந்திரம். இதைச் சொல்வோர் தம் பிள்ளைகளை அரசியலிலிருந்து காப்பாற்றுவதாக நம்புகின்றனர். கண்டவர் என்ற அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருப்பது என்ன? வேற்றுச் சாதி என்பதன் நாகரிகப் பெயரன்றோ அது? மகனுக்குச் சொன்னதை மகளுக்கு இன்னும் கடுமையாகச் சொல்கிறோம். நான்கு மணிக்கு வகுப்பு முடிந்தால் நாலரை மணிப் பேருந்தில் அவள் இருக்க வேண்டும். நூலகமும் இல்லை, நாடகமும் இல்லை. அரசியல் வேண்டாம் என்று வெளியே தள்ளியவர்கள், அரசியலிலேயே மிகக் கொடிய அரசியலை அடுப்பங்கரையில் வைத்து ஊட்டுகின்றனர்.

சிலர் வேறு வகையில் வாதிடுவர். "கயிறு கோயிலில் கட்டியது, மத நம்பிக்கையில் தலையிடலாமா?" என்பர். இறைவனை நினைந்து கட்டிய கயிறு எவரையும் விலக்கி நிறுத்தாது. பேருந்து இருக்கைக்கு எல்லை வகுக்கும் கயிற்றுக்குப் பக்தி என்று பெயர் சூட்டுவது பக்தியை இழிவுபடுத்துவதாகும். மேலும், அந்தக் கேடயத்தையும் எடுக்க முடியாதவர்கள் நம் கத்தோலிக்கக் குடும்பத்து இளைஞர்கள். ஞாயிறன்று ஒரே அப்பத்தில் பங்குகொண்டு, திங்களன்று வேறு வேறு நிறத்தில் கயிறு கட்டுவோர் நம்மிடையேயும் உண்டு என்பதை மறைத்துப் பயன் இல்லை.

இந்த மண்ணுக்கு வேறொரு மரபும் உண்டு, அதை மறந்துவிட்டோம். பாளையங்கோட்டையில் லூர்துநாதன் சிலையைக் கடந்து நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் செல்கின்றனர். 1972-இல் மாணவர் போராட்டத்தின் மீது காவல்துறை நடத்திய தடியடியின்போது தாமிரபரணியில் உயிரிழந்த மாணவர் அவர். அன்று தெருவில் இறங்கியோர் மாணவர் என்ற ஒரே பெயரோடு இறங்கினர். அதே நாங்குநேரி மண்ணில் பிறந்த நா. வானமாமலை, பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டே நெல்லை ஆய்வுக் குழுவை வளர்த்தார். 'ஆராய்ச்சி' என்ற இதழை நடத்தினார். ஊதியமும் மதிப்பெண்ணும் இல்லாத அந்தக் கூட்டங்களில் கட்டுரை படித்து, விவாதித்து, திருத்தப்பட்டு ஓர் ஆய்வாளர் தலைமுறையே உருவானது. சுந்தரனார் பல்கலைக் கழகத்தில் தமிழ்த் துறைத் தலைவராக இருந்து 2020-இல் மறைந்த தொ. பரமசிவன், ஊர்களையும் கோயில்களையும் எளிய மக்களின் வழக்குகளையும் பாடநூலாக்கிக் காட்டினார். மாணவ வாழ்வு வகுப்பறை மணி அடித்த பிறகும் தொடர்ந்த காலம் அது.

சுவர்களை இடிக்க முடியும் என்பதற்கும் இம்மாவட்டமே சான்று. வடக்கன்குளம் ஆலயம் ஒரு காலத்தில் சாதிக்கொரு கூடமாகப் பிரித்துக் கட்டப்பட்டிருந்தது. பீடம் ஒன்று, மக்கள் இரண்டு. 1910-இல் அந்தத் தடுப்பு அகற்றப்பட்டது. அதை எதிர்த்து நீதிமன்றம் வரை சென்றவர்களும் இருந்தனர், அவர்கள் வெல்லவில்லை. ஆலயத்துக்குள்ளிருந்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு அகற்றிய தடுப்பை மகனின் மணிக்கட்டில் மீண்டும் எழுப்பும் உரிமையைப் பெற்றோருக்கு யார் கொடுத்தது?

அரசின் தடையாணை மட்டும் போதாது. சட்டம் கயிற்றை அறுக்கலாம். நிறத்தைச் சட்டைக்கும் கைப்பேசித் திரைக்கும் மாற்றிக்கொள்ள எவ்வளவு நேரமாகும்? அறுக்க வேண்டிய இடம் வீடு. பெற்றோரிடம் நாம் கேட்பது மூன்றே. முதலாவது, பிள்ளையின் கையிலுள்ள சாதிக் கயிற்றை இன்றிரவே, கடிந்துகொள்ளாமல், காரணம் சொல்லிக் கழற்றச் செய்யுங்கள். இரண்டாவது, "உன் வகுப்பில் முதல் மதிப்பெண் யாருக்கு?" என்று கேட்பதை விட்டு, "உன் நண்பனை எப்போது வீட்டுக்கு அழைத்து வருவாய்?" என்று கேளுங்கள். அவன் வந்தால் திண்ணையில் நிறுத்தாமல் உள்ளே அமர்த்தி, நீங்கள் உண்ணும் தட்டிலேயே சோறு போடுங்கள். மூன்றாவது, உங்கள் மகளுக்கு மாலையில் ஒரு மணி நேரம் கொடுங்கள். நூலகத்துக்கோ வாசிப்பு வட்டத்துக்கோ அவள் அச்சமின்றிச் சென்று வரட்டும். திருமண வரவேற்புக்கு மட்டுமே கதவு திறக்கும் நம் பங்கு மன்றங்கள், மாலை வேளையில் எல்லாச் சமய மாணவருக்கும் படிப்பிடமாகத் திறக்கட்டும். மின்விளக்கும் நாற்காலியும் அங்கே ஏற்கெனவே உள்ளன.

அடுத்த பட்டமளிப்பு விழாவில் உங்கள் பிள்ளை மேடையேறிக் கை நீட்டும்போது அந்த மணிக்கட்டைப் பாருங்கள். அது வெறுமையாக இருக்குமானால், அவன் பல்கலைக் கழகத்தில் படித்தவன்.